இப்னு ஸீனாவின் இளமைப் பழக்கம்

வைத்திய மேதை இப்னு ஸீனாவின் பெயரைக் கேள்விப்படாதவர் நம்மவரில் இருக்க மாட்டார். அன்னார் எழுதிய 'அல்கானூன்' என்னும் வைத்திய நூல் 12ஆம் நூற்றாண்டில் லத்தீன் மொழிக்குப் போய், 17ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பியச் சர்வகலாசாலைகளில் பாடமாக இருந்தது. அந்தப் பெருமையை நாம் இங்கே விரித்து எழுதப் போவதில்லை. பத்து வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடையே அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதே நமக்கு வேண்டியது. மகனைப் பெட்டியடியில் உட்கார வைப்பதா, இன்னும் படிக்க விடுவதா என்று யோசிக்கும் தகப்பன்மார் நம்மிடையே எப்பொழுதும் உண்டு. அவர்களை எண்ணியே இதை எழுதுகிறோம்.

கி.பி. 980இல் (ஹிஜ்ரி 370) புகாராவுக்கு அருகே அஃப்ஷனா என்ற ஊரில் அவர் பிறந்தார். புகாரா இன்று உஸ்பெகிஸ்தானில் இருக்கிறது. அன்று அது ஸாமானிய அரசர்களின் தலைநகரம். தகப்பனார் அப்துல்லாஹ் அரசாங்க உத்தியோகஸ்தர். குடும்பம் புகாராவுக்குக் குடிபோன பிறகு பையனுக்கு ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டார்கள். பத்து வயதுக்குள் திருக்குர்ஆனை ஓதி முடித்துவிட்டார்.

கணக்குப் படிக்க அவரை எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? ஒரு காய்கறி வியாபாரியிடம்! அந்த மனிதருக்கு இந்தியக் கணக்கு முறை நன்றாகத் தெரியும். அதிகாரியின் மகன் காய்கறிக்காரரிடம் பாடம் கேட்பதா என்று தகப்பனார் கூச்சப்படவில்லை. வியாபாரிகளான நமக்கு இதில் கொஞ்சம் பெருமைதான்.

பிறகு நாதிலி என்ற அறிஞர் வீட்டிலேயே தங்கித் தர்க்கமும் கணிதமும் சொல்லிக் கொடுத்தார். யூக்லிதின் நூலில் முதல் ஐந்தாறு பாடங்களை ஆசிரியரிடம் கேட்டுவிட்டு, மீதியைப் பையன் தானே போட்டு முடித்தான். வைத்தியத்தையும் படித்துக்கொண்டு நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினான். பதினாறு வயதில் பெரிய வைத்தியர்களே அவனிடம் வந்து பாடம் கேட்டார்கள்.

இவ்வளவு பெயர் வந்த பின் வேறொருவராயிருந்தால் அத்துடன் நின்றிருப்பார். இப்னு ஸீனாவோ படித்ததையெல்லாம் மறுபடியும் அடியிலிருந்து தொடங்கினார். ஒன்றரை வருஷம் இது நடந்தது. அந்தக் காலத்தில் ஓர் இரவுகூட முழுமையாகத் தூங்கவில்லை; பகலிலும் வேறு வேலை இல்லை. முன்னால் ஒரு கட்டுத் தாள் வைத்துக்கொள்வார். ஒரு விஷயத்தைப் படித்தால், அது எதை ஆதாரமாகக் கொண்டது, அந்த ஆதாரங்கள் எந்த வரிசையில் நிற்கின்றன, அவற்றிலிருந்து என்ன முடிவு வரும் என்று தாளில் எழுதுவார். அன்றன்றைய சிட்டையைப் பேரேட்டில் ஏற்றிப் பற்று வரவு சரிபார்க்கும் நம் கணக்கப்பிள்ளையின் வேலைக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. முடிச்சு அவிழாவிட்டால் பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுது, வழி திறக்கும்படி இறைவனிடம் இறைஞ்சுவார். வீடு திரும்பியதும் விளக்கை ஏற்றி மீண்டும் தாளை எடுப்பார். கண் அயர்ந்தால் கனவிலும் அதே கணக்கு வரும். சில சிக்கல்கள் தூக்கத்திலேயே தெளிந்துவிடுமாம்.

அப்படிப்பட்டவருக்கும் ஒரு புத்தகம் பிடிபடவில்லை. அரிஸ்டாட்டில் எழுதிய தத்துவ நூல் அது. நாற்பது முறை வாசித்தார். மனப்பாடமே ஆகிவிட்டது; பொருள் மட்டும் விளங்கவில்லை. மனம் சோர்ந்திருந்த சமயம், ஒருநாள் பிற்பகல் புத்தகக் கடைவீதிக்குப் போனார். ஒரு தரகர் கையில் ஒரு நூலை வைத்துக்கொண்டு கூவிக்கொண்டிருந்தார். இவர் வேண்டாம் என்றார். சொந்தக்காரருக்குப் பண முடை, மூன்று திர்ஹத்துக்குத் தருகிறேன் என்று தரகர் விடாப்பிடியாக நின்றார். வாங்கிப் பார்த்தால், அதே தத்துவ நூலுக்கு அல்ஃபாராபி எழுதிய விளக்கம்! அன்றே எல்லாம் புரிந்தது. மறுநாள் ஏழைகளுக்குத் தாராளமாகத் தர்மம் செய்தார். அந்தத் தரகர் சொன்ன விலை மலிவுதான். ஆனால் நாற்பது முறை வாசிக்காதவன் கையில் அந்தப் புத்தகம் என்ன பேசியிருக்கும்?

பதினேழு வயதளவில் அரசர் நூஹ் இப்னு மன்ஸூருக்கு வைத்தியம் பார்த்து, அரண்மனை நூலகத்தில் நுழைய அனுமதி பெற்றார். பதினெட்டில் அக்காலக் கல்வி அனைத்தையும் முடித்துவிட்டார்.

பின்னர் தகப்பனார் காலமானார். 999இல் ஸாமானியர் ஆட்சியும் விழுந்தது. ஊர் ஊராக அலைந்தார். ஹமதானில் மந்திரியானார். படை வீரர்கள் கலகம் செய்து அவர் வீட்டைக் கொள்ளையிட்டார்கள். மறுபடி மந்திரியானார். 1021இல் அரசர் இறந்தபோது மறைந்து வாழ நேர்ந்தது. அப்பொழுது இடம் கொடுத்தவர் அபூ காலிப் என்ற மருந்துச் சரக்கு வியாபாரி. அவரிடம் தாளும் மையும் கேட்டு வாங்கி, 'அஷ்ஷிஃபா' என்ற பெரு நூலுக்குரிய தலைப்புகளை இரண்டே நாளில் எழுதினார். பார்ப்பதற்குக் கையில் ஒரு புத்தகமும் கிடையாது. பிறகு அந்தத் தலைப்புகளை ஒவ்வொன்றாக முன்னால் வைத்துக்கொண்டு நாளொன்றுக்கு ஐம்பது தாள் எழுதினார். புகாராவில் பதினாறு வயதுப் பையன் விளக்கடியில் செய்த அதே வேலைதான்.

அவருடைய எல்லாப் பழக்கமும் நல்லதென்று நாம் சொல்ல வரவில்லை. பிறர் உடலைக் காத்தவர் தம் உடலைப் பேணவில்லை. இச்சைகளில் அளவு மீறினார் என்று அவருடைய மாணவரே எழுதி வைத்திருக்கிறார். குடல் நோய் பற்றிக்கொண்டது. விரைவில் குணமாக வேண்டுமென்று அவசர வைத்தியம் செய்து நோயைப் பெருக்கிக்கொண்டார்.

1037இல் ஹமதானில் இனிச் சிகிச்சை பலிக்காது என்று அறிந்து மருந்தை நிறுத்தினார். அடிமைகளை விடுதலை செய்தார். கையிலிருந்ததை ஏழைகளுக்குக் கொடுத்தார். பத்து வயதில் ஓதி முடித்த திருக்குர்ஆனை மூன்று நாளைக்கு ஒருமுறை முழுமையாக ஓதிக்கொண்டிருந்து, ரமளான் மாதத்தில் கண்ணை மூடினார்.