திருமணி மருத்துவர் காக்ரேன்

ஆண்டுதோறும் மாமல்லபுரத்திற்கு உலாச் செல்வது நம் மாணாக்கர் வழக்கம். கற்றேர்களையும் அருச்சுனன் தபசினையும் கண்டு, கடற்கரைக் கோயிலின் நிழலிற் கட்டுச்சோறு உண்டு, திருக்கழுக்குன்றத்தின் வழியே செங்கற்பட்டை அடைந்து இரயிலேறுவோம். இவ்வாண்டு நம்மிற் சிலர் இரயிலேறாது, செங்கற்பட்டின் புறத்தே உள்ள திருமணிக்குச் சென்றோம். அங்கே நடுவணரசின் தொழுநோய்க் கல்வி ஆராய்ச்சி நிலையம் உளது. வாயிலில் இறங்கியதும் உடன்வந்த நண்பர் ஒருவர் தம் இரு கைகளையும் சட்டைப்பைகளுட் புதைத்துக்கொண்டனர். யாரும் அவரை நகைத்திலர்; நம்முள் பலரும் அதனையே செய்ய எண்ணியிருந்தோம். அந்நிலையம் வெறும் மருத்துவமனையாகக் கிடவாது உலகறிந்த ஆராய்ச்சிக் களமாதற்குப் பெரிதும் காரணரானவர் டாக்டர் ராபர்ட் கிரீன்ஹில் காக்ரேன். அவர் வரலாற்றை இங்கே சுருங்கக் கூற விழைகின்றோம்.

குட்டம், பெருநோய், தொழுநோய் என ஒரு நோய்க்கு நம் மொழியிற் பெயர் பலவாயின. அச்சம் பெரிதாயின் பெயரும் பெருகும் போலும். அவ்வச்சத்தினும் கொடியது அதனோடு ஒட்டிவந்த ஒரு நம்பிக்கை: இந்நோய் குருதிவழி வருவது, தந்தைக்கு வந்தது மகனுக்கும் வந்தே தீரும் என்பது. இதனால் நோயுற்றார் வீட்டுப் பெண்ணை எவரும் கொள்ளார். அவ்வீட்டிற்குப் பெண் கொடுப்பாரும் இலர். இஃது எழுத்தறியா மாந்தரின் பேதைமை மட்டுமன்று. நார்வே நாட்டின் பெர்கன் நகரில் இந்நோயை முதன்முதல் அறிவியல் முறையில் ஆய்ந்த டேனியல்சன் என்னும் பெருமருத்துவரும் இது மரபுநோய் என்றே கொண்டிருந்தனர். அவர்தம் உதவியாளரும் பின்னர் மருகருமான ஆன்சன் 1873இல் நோயாளியின் திசுவிற் கோல்போன்ற நுண்ணுயிரைக் கண்டு, இது தொற்றுநோய் எனக் காட்டினர். மாமனார் கொள்கையை மருகர் தகர்த்தமை குடும்பத்துள் எவ்வாறு கொள்ளப்பட்டதோ, நாம் அறியோம். எங்ஙனமாயினும் அம்முடிபு செங்கற்பட்டுச் சீமையின் சிற்றூர்களுக்கு வந்துசேரப் பல்லாண்டுகள் ஆயின.

காக்ரேன் 1899இல் சீன நாட்டிற் பிறந்தனர். தந்தையார் தாமஸ் காக்ரேனும் ஒரு மிஷன் மருத்துவர். பீக்கிங் நகரின் புகழ்பெற்ற மருத்துவக் கல்லூரிக்கு அடிகோலியவர். மைந்தரும் மருத்துவம் பயின்று 1924இல் தொழுநோய் மிஷனின் பணிக்காக இந்தியா வந்தனர். நாடு முழுதும் சுற்றி, நோயாளர் இல்லங்கள் பலவற்றைப் பார்வையிட்டனர். அக்காலத்து இல்லங்கள் பெரும்பாலும் புகலிடங்களேயன்றி மருத்துவமனைகள் அல்ல. சோறும் கூரையும் கிடைக்கும், நோய் தீரும் என்ற எண்ணம் எவர்க்கும் இல்லை. அந்நிலையை மாற்றவேண்டும் என்பதே இளைஞரான அவர்தம் வேட்கையாயிற்று. 1931இல் மணிலாவிற் கூடிய மாநாட்டின் பயனாகத் தோன்றிய அனைத்துலகத் தொழுநோய்க் கழகத்தை உருவாக்கியவருள் அவரும் ஒருவர்.

சென்னை அரசினரும் ஸ்காட்லாந்துத் திருச்சபை மிஷனும் சேர்ந்து திருமணியில் நடத்திவந்தது லேடி வில்லிங்டன் தொழுநோய் நிலையம். முப்பதுகளில் காக்ரேன் அதன் தலைமை மருத்துவராயினர். அன்று கையிலிருந்த மருந்து நீரடிமுத்து எண்ணெய் ஒன்றே. நம் சித்த மருத்துவர் நெடுங்காலமாக அறிந்த அவ்விதையின் எண்ணெயை மேனாட்டார் ஊசிவழித் தோலுட் செலுத்தினர். ஒரு தடவைக்குப் பல குத்துக்கள், வலியோ மிகுதி, பயனோ ஐயத்திற்கிடமானது. எனினும் நோயாளர் பொறுத்திருந்தனர்.

அவர் கருத்தைப் பெரிதும் கவர்ந்தவர் குழந்தைகள். சைதாப்பேட்டையில் குழந்தைகட்கென இருந்த மருத்துவ நிலையத்தில், நோய் முதன்முதல் தோலிற் காட்டும் மங்கிய தேமலை அவர் ஆராய்ந்தனர். நோயுற்ற பெற்றோரிடமிருந்து பிறந்தவுடன் பிரித்து வளர்க்கப்பட்ட மகவுகள் நலமாயிருத்தலையும், உடன்வாழ்ந்த மகவுகளுட் சிலர் நோயுறுதலையும் அக்காலத்து மருத்துவர் கண்டிருந்தனர். குருதிவழி வருவதாயின் பிரித்தால் மட்டும் எவ்வாறு நீங்கும்? பழைய நம்பிக்கைக்கு இஃது உறுதியான மறுப்பு. ஆயினும், தாயின் மடியிலிருந்து பச்சிளங்குழவியைப் பறித்தெடுத்து நிறுவிய உண்மை அது என்பதனை நாம் மறத்தற்கில்லை. இற்றை மருந்து உண்ணும் தாய் தன் மகவுக்குத் தானே பாலூட்டலாம்; பிரிவு வேண்டா.

இங்கே ஒரு புதிர் எஞ்சிற்று. தொற்றுநோயேயாயின் உடனுறைவார் அனைவர்க்கும் ஏன் தொற்றவில்லை? நூற்றுவரில் தொண்ணூற்றைவர்க்கு மேற்பட்டோர் அக்கிருமியை இயல்பாகவே வென்றுவிடுகின்றனர். நோயுற்றாருள்ளும் ஒருவருக்கு ஓரிரு தேமலோடு நின்றுவிடும். மற்றொருவர்க்கு உடல் முழுதும் கிருமி பெருகும். கிருமி ஒன்றே, உடல்களே வேறு. திருமணியிற் பல்லாயிரவரைக் கண்ட மருத்துவர்க்கு இவ்வேறுபாடு நாள்தோறும் கண்முன் நின்றது.

1941இல் அமெரிக்க நாட்டின் கார்வில் மருத்துவமனையில் பேகட் என்பார் புரோமின் என்னும் சல்போன் மருந்தின் ஆற்றலைக் காணத் தொடங்கினர். அது விலைமிக்கது, சிரையினுள் ஊசியிட வேண்டுவது. அதற்கு மூலப்பொருளான டாப்சோன், மக்கட்குக் கொடுத்தற்கியலா நஞ்சென ஒதுக்கப்பட்டு, மாடுகளின் மடிநோய்க்குப் பயன்பட்டு வந்தது. அளவைக் குறைத்தால் அதுவே மக்கட்கும் மருந்தாகும் எனக் காக்ரேன் துணிந்தனர். 1946இல் அதனை எண்ணெயிற் கலந்து, செங்கற்பட்டு நோயாளர்க்கு ஊசிவழிக் கொடுத்தனர். புண்கள் ஆறின, முடிச்சுகள் கரைந்தன. பின்னர் நைஜீரியாவில் லோ என்பார் அதனையே மாத்திரையாகக் கொடுத்துக் காட்டவே, ஏழையரும் வாங்கத்தகும் மருந்து உலகிற்குக் கிடைத்தது. தேவாலயங்களில் அற்புதம் வேண்டி நின்ற நோயை, மாட்டு மருந்து தீர்த்தது என்று சொல்லக் கூசவேண்டுவதில்லை என்பது நம் கருத்து.

அவ்வாண்டுகளில் அவர் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமையையும் 1944 முதல் தாங்கியிருந்தனர். பெண்கள் பள்ளியாக வளர்ந்த அஃது ஆடவரையும் சேர்த்துப் பட்டக் கல்லூரியாக நிலைபெற்றது அவர் காலத்தில். அங்கே 1946இல் வந்து சேர்ந்த இளம் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் என்பார். நம் கொல்லிமலையிற் பிறந்தவர். மறுவருடம் காக்ரேன் அவரைத் திருமணிக்கு அழைத்துச் சென்று சுற்றிக் காட்டினர். தோலின் தேமல்களைக் காக்ரேன் விளக்கிக்கொண்டிருக்க, பிராண்டின் கண்கள் நோயாளரின் மடங்கிய விரல்கள்மேல் நின்றன. ஓர் இளைஞரின் முடங்கிய கையுள் தம் கையை வைத்து அழுத்துமாறு வேண்டினர். அழுத்திய அழுத்தில் பிராண்ட் வலியால் துடித்தனர். செத்த கையென்று எண்ணியதனுள் வலிய தசைகள் இருந்தன! எலும்பு அறுவை மருத்துவர் எவரேனும் இக்கைகளை ஆய்ந்துள்ளனரா என வினவியபோது, காக்ரேன் ஒருவரும் இலர் என்றனர். தசைநாணை இடம் மாற்றித் தைத்துக் கைகளை நிமிர்த்தும் வேலூர் மருத்துவம் அவ்வுலாவிற் பிறந்தது.

அக்கைகளை முடக்கியது எது? கிருமி நரம்பிற் குடிபுகுகின்றது. ஆயின் நரம்பைச் சிதைப்பதிற் பெரும்பங்கு அதனை எதிர்க்கும் உடலின் அழற்சிக்கே உரியது. சிவத்தல், வெதும்பல், வீங்கல், நோதல் என்பன அழற்சியின் குறிகள். சல்போனால் கிருமி மடிந்த பின்னும் சில நோயாளர்க்குக் காய்ச்சலும் செம்முடிச்சும் நரம்புவலியும் பொங்கி எழுந்தமையைக் காக்ரேன் காலத்து மருத்துவர் கண்டு மயங்கினர். அப்பொங்குதலின்போது குருதியில் ஒரு புரதம் மிகுதலை 1990களின் தொடக்கத்தில் அறிந்தனர். அதன் பெயர் டி.என்.எப். என்பது. கிருமியை விழுங்கிய உயிரணு அதனைச் சுரக்க, அது தூதுபோற் சென்று ஏனைய படைகளை அழைக்கும். குறைந்தால் கிருமி தழைக்கும். மிகுந்தால் வீடே எரியும்.

இப்புரதத்தை இயற்றும் மரபணு நம் 6ஆம் குரோமோசோமில் உளது. அதற்கு அண்டைவீடாக லிம்போடாக்சின் என்னும் உறவுப் புரதத்தின் மரபணு அமைந்துளது. ஏட்டுச்சுவடிகளில் பாடபேதம் இருத்தலைத் தமிழ் மாணாக்கர் அறிவர். ஓரேட்டில் ஓரெழுத்து, மற்றோர் ஏட்டில் வேறெழுத்து. சிலபோது பொருள் மாறாது, சிலபோது மாறும். மரபணுவும் அத்தகைத்தே. டி.என்.எப். மரபணுவின் தொடக்கத்திற்கு முன்னே 308ஆம் இடத்தில் மக்களுட் சிலர்க்கு ஓரெழுத்து வேறுபடும். அப்பாடமுடையார்க்குக் கிருமி பெருகும் வகை மிகுதி என 1997இல் வங்காளத்து நோயாளரை ஆய்ந்தோர் கண்டனர். பிரேசில் நாட்டார் அதற்கு மாறாக, அதே பாடம் காப்பளிக்கக் கண்டனர். ஒரு பாடபேதத்தைக் கொண்டு முழு நூலின் பொருளை முடிவுசெய்யலாகாது போலும்! 2007இல் வியட்நாமிலும் இந்தியாவிலும் ஆய்ந்தோர், லிம்போடாக்சினைக் குறைவாகச் சுரக்கும் ஒரு பாடம் இளவயதிலேயே நோய் வருதற்குத் துணையாதலை உறுதிசெய்தனர். தென்னிந்தியக் குடும்பங்களை ஆய்ந்தோர் 2001இல் 10ஆம் குரோமோசோமில் வேறோர் இடத்தையும் குறித்தனர்.

இவற்றிற்கெல்லாம் முன்னர், காக்ரேன் உயிரோடிருந்த காலத்திலேயே, 1973இல் வெளிவந்த இரட்டையர் ஆராய்ச்சி ஒன்று வழிகாட்டிற்று. வங்காளத்திலும் ஆந்திரத்திலும் ஒரே கருவிற் பிரிந்த இரட்டையர் 62 இணையரை ஆய்ந்ததில், ஏறக்குறைய 60 விழுக்காட்டு இணைகளில் இருவர்க்கும் நோய் இருந்தது. இருகரு இரட்டையர் 40 இணைகளில் 20 விழுக்காடே. டேனியல்சன் இதனைக் கேட்டிருந்தால் தாம் வென்றதாக மகிழ்ந்திருப்பர். அது தவறு. ஒரே கருவின் இரட்டையருள்ளும் நூற்றுக்கு நாற்பது இணைகளில் ஒருவர் நலமாயிருந்தனரன்றோ? பெற்றோர் மக்கட்கு அளிப்பது நோயன்று. கிருமி வருங்கால் உடல் எவ்வாறு போரிடும் என்னும் இயல்பின் ஒரு கூறே. கிருமி வாராவிடின் அவ்வியல்பால் ஒரு தேமலும் தோன்றாது. ஆதலின் குலப்பழியை மறுத்த காக்ரேன் பக்கமே உண்மை நின்றது. குருதிக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை என்பார் இருப்பின், அவர்தாம் சற்றே திருத்திக்கொள்ளல் வேண்டும்.

வேலூரை விட்ட பின்னர் காக்ரேன் பல நாடுகளிற் பணிசெய்தனர். அவர் தொகுத்த தொழுநோய் நூல் 1959இலும், திருந்திய பதிப்பாக 1964இலும் வெளிவந்து மருத்துவர் பலர்க்குக் கைந்நூலாயிற்று. அதே 1964இல் டாப்சோனுக்கு அடங்காத கிருமி உண்டென மலேயாவில் மெய்ப்பிக்கப்பட்டது. தாம் நட்ட மரத்தைச் செல் அரிக்கக் கண்ட உழவரின் வருத்தம் அவர்க்கும் இருந்திருக்கும். பல மருந்துகளைச் சேர்த்தளிக்கும் முறையை உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 1981இல் வகுத்தது. டாப்சோன் அதனுள்ளும் ஒன்றாக நிலைபெற்றது. 1985இல் காக்ரேன் காலமாயினர். திருமணி நிலையத்தையோ 1955இலேயே நடுவணரசு ஏற்றுக்கொண்டது.

இரயிலிற் திரும்புங்கால், கைகளைப் புதைத்த நண்பர் நெடுநேரம் பேசாதிருந்து, நோயுற்றார் வீட்டில் மணம் செய்யலாமா என்று கேட்டனர். அவர் ஏன் கேட்டனர் என்பதை நாம் வினவவில்லை. 1898ஆம் ஆண்டின் குட்டநோயர் சட்டம் 2016இல் நீக்கப்பட்டமையும், தொழுநோயைக் காட்டி மணவிலக்குக் கோரும் உரிமை 2019இல் சட்டத்தினின்று எடுக்கப்பட்டமையும் அவர்க்குக் கூறினோம். திருமணியிற் கேட்டறிந்த குழந்தைகளின் செய்தியையும் கூறினோம். தாம்பரம் வரும்வரை அவர் மேலும் மேலும் கேட்டுக்கொண்டே வந்தனர்.