சூரியனைப் படித்த ஜான் எவர்ஷெட்

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்கள் சூரியனைக் கொண்டே தங்கள் நாளை வகுத்துக்கொண்டனர். விடியுமுன் பெரட்டுக்குக் கூடினர். வெயில் ஏறுவதற்குள் மரங்களைச் சீவி முடித்தனர். காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற அது குறைந்துவிடும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பலர் இத்தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தனர். அதே காலத்தில் தமிழகத்தின் மலையூர் ஒன்றில் வேறொரு மனிதரும் நாள்தோறும் காலைச் சூரியனுக்காகக் காத்திருந்தார். அவரும் கடல் கடந்து வந்தவர்தாம். ஆனால், அவர் பிழைப்புத் தேடி வரவில்லை. சூரியனைத் தேடி வந்தார். அவர் பெயர் ஜான் எவர்ஷெட்.

எவர்ஷெட் 1864ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள் இங்கிலாந்தின் சர்ரே வட்டாரத்தில் கோம்ஷல் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளைஞரானதும் லண்டன் நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். வானியல் அவருடைய தொழில் அன்று. அது அவருடைய ஆர்வம். 1890ஆம் ஆண்டில், தமது 26ஆம் வயதில், கென்லி என்னும் ஊரில் சொந்தமாக ஒரு சிறிய வானாய்வுக் கூடத்தை அமைத்தார். வேலை நேரம் போக எஞ்சிய பொழுதில் சூரியனின் விளிம்பில் எழும் தீக்கொழுந்துகளைப் பார்த்துக் குறித்து வந்தார். கருவிகள் பலவற்றைத் தாமே செய்துகொண்டார். அவருடைய ஆர்வத்தைக் கண்டு மகிழ்ந்தவர் ரான்யார்டு என்னும் வானியல் அறிஞர். 1894இல் அவர் மறைந்தபோது, தம்முடைய 18 அங்குலத் தொலைநோக்கி எவர்ஷெட்டுக்குச் சேர வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார்.

வானியலில் இவ்வாறு ஓய்வு நேரத்தில் உழைத்தவர்கள் முன்பும் இருந்தனர். ஜெர்மனியில் மருந்துக்கடை நடத்திய ஷ்வாபே என்பவர் 17 ஆண்டுகள் சூரியப் புள்ளிகளை எண்ணினார். அப்புள்ளிகள் ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைவதை 1843இல் அவர் அறிவித்தார். சரியான சராசரி ஏறத்தாழ 11 ஆண்டுகள் எனப் பின்னர் தெரியவந்தது. எவர்ஷெட்டும் அந்த வழியில் வந்தவரே.

முழுச் சூரிய கிரகணத்தைக் காண எவர்ஷெட் பல நாடுகளுக்குப் பயணம் செய்தார். எல்லாப் பயணமும் வெற்றி பெறவில்லை. 1896இல் நார்வே சென்றபோது மேகம் வானை மூடிக்கொண்டது. கிரகணம் தெரியவில்லை, ஆயினும் அப்பயணத்தில் மேரி ஆர் என்னும் வானியல் ஆர்வலரின் அறிமுகம் கிடைத்தது. 1898இல் இந்தியாவின் தல்னி என்னும் ஊரில் வானம் தெளிவாக இருந்தது. அங்கு, முழுக் கிரகணத்தின்போது சில விநாடிகளே தோன்றி மறையும் சூரியனின் நிறமாலையை எவர்ஷெட் படம் பிடித்தார். நிறமாலை என்பது ஒளி முப்பட்டகத்தின் வழியே செல்லும்போது பிரிந்து தோன்றும் வண்ணப்பட்டை. அதில் காணப்படும் கோடுகளைக் கொண்டு சூரியனில் என்ன பொருள்கள் உள்ளன என்று அறியலாம்.

1906ஆம் ஆண்டு எவர்ஷெட்டும் மேரியும் மணம் புரிந்துகொண்டனர். அதே காலத்தில் அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. தமிழகத்தின் கோடைக்கானல் மலையில் 1899ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சூரிய ஆய்வகத்தில் துணை இயக்குநர் பதவி காத்திருந்தது. அப்போது எவர்ஷெட்டுக்கு வயது 42. பழகிய வேலையையும் தாயகத்தையும் விட்டுச் செல்வது எளிதன்று. எனினும், பொழுதுபோக்காக இருந்த ஆர்வத்தை வாழ்க்கைப் பணியாக்கும் வாய்ப்பை அவர் விடவில்லை. 1907ஆம் ஆண்டு தொடக்கத்தில் கணவனும் மனைவியும் கோடைக்கானலுக்கு வந்து சேர்ந்தனர்.

கோடைக்கானல் ஆய்வகம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில் உள்ளது. காலை வேளையில் அங்குக் காற்று அமைதியாக இருக்கும். வெயில் ஏறித் தரை சூடானால் காற்று அலையத் தொடங்கும். தொலைநோக்கியில் தெரியும் சூரியனின் உருவமும் கலங்கிவிடும். அதனால், எவர்ஷெட் காலை நேரத்தைப் பொன்னாகப் போற்றினார். சூரிய ஒளியிலிருந்து ஒரே ஒரு நிறத்தை மட்டும் பிரித்து, சூரியன் முழுவதையும் படம் பிடிக்கும் கருவி ஒன்று ஆய்வகத்தில் இருந்தது. அதை அவர் செம்மைப்படுத்தி முறையாக இயங்கச் செய்தார். கால்சியம் வெளியிடும் ஊதா ஒளியில் அன்றாடம் படங்கள் எடுக்கப்பட்டன. பின்னர், ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியில் படம் எடுக்கும் கருவியையும் அவர் அமைத்தார். இந்திய உதவியாளர்களும் இப்பணியில் நாள் தவறாமல் உழைத்தனர்.

அக்காலத்தில் அறிஞர்களைக் குழப்பிய கேள்வி ஒன்று இருந்தது. சூரியப் புள்ளியில் வாயு எவ்வாறு நகர்கிறது? 1908இல் அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் ஹேல், புள்ளிகளைச் சுற்றிச் சுழல் போன்ற வடிவங்கள் இருப்பதைப் படங்களில் கண்டார். ஆகவே, புள்ளிகள் சூறாவளியைப் போலச் சுழல்கின்றன என்று பலரும் கருதினர். எவர்ஷெட்டும் அந்தச் சுழற்சியை அளக்கவே முனைந்தார்.

அவர் கையாண்ட முறை எளிய உண்மை ஒன்றை அடிப்படையாகக் கொண்டது. ஆம்புலன்ஸ் வண்டி நம்மை நோக்கி வரும்போது அதன் ஒலி கூர்மையாகக் கேட்கும். விலகிச் செல்லும்போது ஒலி தணியும். ஒளிக்கும் இது பொருந்தும். வாயு நம்மை நோக்கி வந்தால் நிறமாலைக் கோடுகள் ஊதாப் பக்கம் நகரும். விலகிச் சென்றால் சிவப்புப் பக்கம் நகரும். இதற்கு டாப்ளர் விளைவு என்று பெயர்.

1909ஆம் ஆண்டு ஜனவரியில் பெரிய புள்ளிகள் சில தோன்றின. எவர்ஷெட் அவற்றின் நிறமாலையைப் படம் பிடித்து ஆராய்ந்தார். அவர் எதிர்பார்த்த சுழற்சி அதில் தென்படவில்லை. சூரிய விளிம்பை நோக்கிய பக்கத்தில் கோடுகள் சிவப்பை நோக்கி நகர்ந்திருந்தன. சூரியனின் நடுவை நோக்கிய பக்கத்தில் ஊதாவை நோக்கி நகர்ந்திருந்தன. புள்ளி சூரியனின் நடுவே இருக்கும்போது இந்த நகர்வு மறைந்தது. இதிலிருந்து ஒரே ஒரு முடிவுக்குத்தான் வர முடியும். வாயு சுழலவில்லை; புள்ளியின் நடுவிலிருந்து நாலாபுறமும், சூரியப் பரப்பை ஒட்டியே வெளிநோக்கிப் பாய்கிறது. அதன் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர். அந்த வேகத்தில் சென்றால் சிரம்பானிலிருந்து கோலாலம்பூரை அரை நிமிடத்தில் அடைந்துவிடலாம்.

புகழ்பெற்ற அறிஞர்களின் கருத்துக்கு ஒத்துப்போகாத முடிவு இது. எவர்ஷெட் தம் எதிர்பார்ப்புக்கு ஏற்றவாறு அளவுகளை வளைக்கவில்லை. வேறு புள்ளிகளிலும் மீண்டும் மீண்டும் அளந்து பார்த்தார். அதே விடை கிடைத்தது. அவ்வாண்டிலேயே கோடைக்கானல் ஆய்வகத்தின் வெளியீட்டில் அதனை அறிவித்தார். இன்று உலக வானியலார் அதனை எவர்ஷெட் விளைவு என்று அழைக்கின்றனர்.

எவர்ஷெட் 1911இல் ஆய்வகத்தின் இயக்குநரானார். 1915இல் இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. 1918இல் ராயல் வானியல் கழகம் தங்கப் பதக்கம் வழங்கியது. மேரியும் ஓர் அறிஞராகவே உழைத்தார். சூரியத் தீக்கொழுந்துகளைப் பற்றிய விரிவான ஆய்வு நூல் ஒன்றை 1917இல் இருவரும் இணைந்து வெளியிட்டனர். 1922இல் ஐன்ஸ்டீனின் கொள்கையைச் சோதிக்க ஆஸ்திரேலியாவின் வல்லால் என்னும் இடத்திற்குக் கிரகணம் காணச் சென்றனர். அங்குக் கருவிக் கோளாற்றால் முயற்சி பலிக்கவில்லை. தோல்வி அவரைத் தளர்த்தவில்லை.

1923இல் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பிய எவர்ஷெட், யூஹர்ஸ்ட் என்னும் ஊரில் மீண்டும் சொந்தமாக ஓர் ஆய்வுக் கூடம் அமைத்தார். திரவம் நிரப்பிய பெரிய முப்பட்டகங்களைக் கொண்டு சூரியனை ஆராய்ந்தார். ஊதியத்திற்காக அல்லாமல் ஆர்வத்தால் தொடங்கிய பணியை, முதுமையிலும் அதே ஆர்வத்துடன் தொடர்ந்தார். மேரி 1949இல் காலமானார். எவர்ஷெட் 1956ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள், தமது 92ஆம் வயதில் மறைந்தார்.

கோடைக்கானலில் எடுக்கப்பட்ட படங்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலான சூரியனின் நாட்குறிப்பாக இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. அவை கணினிப் பதிவுகளாகவும் மாற்றப்பட்டுள்ளன. தோட்டத்துப் பள்ளித் திடலிலும் இந்த நாட்குறிப்பின் ஒரு பக்கத்தை எழுதலாம். ஆசிரியரின் துணையோடு, சிறிய தொலைநோக்கியின் வழியே சூரியனின் உருவத்தை வெள்ளை அட்டையில் விழச் செய்து, அதில் தெரியும் புள்ளிகளை நாள்தோறும் வரைந்து வரலாம். சூரியன் சுழல்வதால் அப்புள்ளிகள் நாளுக்கு நாள் இடம் மாறுவது தெரியும். ஆனால், சூரியனை வெறுங்கண்ணாலோ தொலைநோக்கி வழியாகவோ நேரே பார்க்கக் கூடாது. ஒரு நொடியில் பார்வை பறிபோகலாம்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது தமிழர் பழமொழி. சுழல் போலத் தோன்றியதைச் சுழல் என்று நம்பிவிடாமல் அளந்து பார்த்த எவர்ஷெட்டின் வாழ்க்கை அப்பழமொழிக்குப் பொருத்தமான சான்றாகும்.