உரிந்த கைகளுக்காகப் பிறந்த கையுறை

என் சின்னம்மா தாதியாக இருபது வருடங்களுக்கு மேல் வேலை செய்கிறார். இரவுக் கடமை முடிந்து வந்தால், விறாந்தையில் இருந்து முதலில் தன் கைகளைத்தான் பார்ப்பார். விரல் இடுக்குகளில் தோல் உரிந்திருக்கும், மூட்டுகளில் வெடிப்பு. உப்புத் தண்ணீர் பட்டால் எரியும் என்பதால் அன்றைக்குப் புட்டுக்கு மாக் குழைப்பது நான்தான்.

கையுறை போட்டால் சரிதானே என்று ஒருநாள் கேட்டேன். சிரித்தார். கையுறை போட முன்னும் கழுவ வேண்டும், கழற்றிய பின்னும் கழுவ வேண்டும் என்றார். அப்படியானால் இந்தக் கையுறையை முதலில் யாருக்காகச் செய்தார்கள் என்று தேடப்போய்த்தான் கரோலின் ஹம்ப்டனைக் கண்டுபிடித்தேன்.

அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1861இல் பிறந்தவர். அடிமைகளின் உழைப்பில் செழித்த பெரும் பணக்காரக் குடும்பம். அந்த வருடமே உள்நாட்டு யுத்தம் தொடங்கியது. அடுத்த வருடம் தாய் காசநோயில் இறந்தார். 1863இல் தகப்பன் போர்க்களத்தில் விழுந்தார். 1865இல் எதிர்ப்படை வந்து குடும்பத்தின் மாளிகையைக் கொளுத்தியது. திருமணமாகாத மாமிமார் மூவர்தான் பிள்ளையை வளர்த்தெடுத்தார்கள். எரிந்த வீடும் உறவினர் வளர்த்த பிள்ளையும் யாழ்ப்பாணத்தில் இருந்து வாசிக்கிற எவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியவை அல்ல.

அப்படிப்பட்ட குடும்பத்துப் பெண் தாதியாவதை வீட்டார் விரும்பவில்லை. அவர் கேட்கவில்லை. 1885இல் நியூயோர்க் போய், 1888இல் பயிற்சியை முடித்தார். அடுத்த வருடம் பால்டிமோரில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலை திறந்தபோது அங்கே சேர்ந்தார். சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் ஹால்ஸ்டெட் அவரைச் சத்திரசிகிச்சைக் கூடத்தின் தலைமைத் தாதியாக்கினார்.

ஹால்ஸ்டெட் கிருமி விடயத்தில் கண்டிப்பானவர். அவருடைய கூடத்தில் கை கழுவுவது என்றால் சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பதோடு முடியாது. பிறகு பொட்டாசியம் பெர்மாங்கனேற்றில் தோய்க்க வேண்டும். அதன் கறை போகச் சூடான ஒக்சாலிக் அமிலம். கடைசியில் பாதரசக் குளோரைட்டுக் கரைசல். இதையே நாளாந்தம் செய்தால் எந்தத் தோல்தான் தாங்கும்? 1889 - 90 குளிர்காலத்தில் கரோலினின் கைகளும் முன்னங்கைகளும் சிவந்து, வெடித்து, வேலையை விட வேண்டிய நிலைக்கு வந்தன.

ஹால்ஸ்டெட் நியூயோர்க்கில் இருந்த குட்இயர் றப்பர் கம்பனியிடம், முன்னங்கையையும் மூடுகிற மெல்லிய கையுறைகள் இரண்டு சோடி செய்து தரக் கேட்டார். தடித்த றப்பர் கையுறைகள் அதற்கு முன்பும் இருந்தன. ஆனால் கத்தியும் ஊசியும் எடுத்துக் கொடுக்கும் விரல்களுக்கு அவை சரிவராது. புதியவை சரிவந்தன. மேலும் பல சோடிகள் வாங்கப்பட்டன.

நோயாளியைக் கிருமியிடம் இருந்து காப்பாற்ற அல்ல, ஒரு தாதியின் தோலை மருந்திடம் இருந்து காப்பாற்றத்தான் அந்தக் கையுறை வந்தது. நோயாளிக்கும் அது நல்லது என்று தெரியவரப் பல வருடங்கள் சென்றன. அதே வைத்தியசாலையில் ஜோசப் பிளட்குட் என்ற வைத்தியர் குடலிறக்கச் சத்திரசிகிச்சைகளை ஒப்பிட்டு 1899இல் கணக்கை வெளியிட்டார். கையுறை இல்லாத காலத்தில் 17 வீதமாக இருந்த தொற்று, கையுறையோடு 2 வீதத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. கண்முன்னே இருந்ததை அவ்வளவு காலம் காணாமல் இருந்தோமே என்று ஹால்ஸ்டெட் பின்னாளில் வியந்து எழுதினார்.

ஆனால் அப்போது கரோலின் அந்தக் கூடத்தில் இல்லை. 1890 ஜூனில் ஹால்ஸ்டெட்டை மணந்தார். மணமானதோடு தாதி வேலை முடிந்தது. இந்தக் கதையை எங்கே வாசித்தாலும் ஒரு காதல் கதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஊடகம் படித்தவள் என்ற முறையில் அந்தத் தலைப்பு ஏன் விற்கும் என்று எனக்கும் தெரியும். எனக்கு உறுத்துவது வேறு. வேலையில் நீடிப்பதற்காகச் செய்யப்பட்ட கையுறையை அவர் சில மாதங்கள்தான் போட்டிருக்கிறார். பிறகு வட கரோலினா மலைப்பக்கத்துப் பண்ணையில் குதிரைகளோடும் நாய்களோடும் நெடுங்காலம் கழித்தார். 1922 செப்டெம்பரில் கணவர் இறந்தார். நவம்பரில் நிமோனியாவில் அவரும் போனார்.

சின்னம்மாவின் கைகளுக்கு வருகிறேன். தோலின் மேற்படையில் இருக்கும் கொழுப்புத்தான் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. ஒவ்வொரு தடவை சவர்க்காரம் போடும்போதும் அது கொஞ்சம் கரைந்து போகிறது. திரும்பச் சுரக்க நேரம் கொடுக்காமல் கழுவினால் தோல் வெடிக்கும். எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் வெட்டியவை. அந்த வன்தண்ணீரில் நுரை வராததால் இன்னும் கூடச் சவர்க்காரம் போடுகிறோம், அதன் படிவும் தோலில் தங்கிவிடுகிறது. கையுறைக்குள் வியர்ப்பது வேறு. சிலருக்கு அந்த றப்பரே ஒவ்வாது.

செய்யக்கூடியது பெரிய வித்தை அல்ல. சுடுதண்ணீரைத் தவிர்த்து, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, ஈரம் முழுதாகக் காய முன்னே வாசலின் பூச வேண்டும். காய்ந்த பிறகு பூசினால் பாதிப் பலன்தான். கையில் அழுக்குத் தெரியாதபோது கிளிசரின் சேர்ந்த அற்ககோல் திரவம் சவர்க்காரத்தைவிடத் தோலுக்குச் சுகம். வெடித்த இடத்தில் அது எரியும் என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். நீர் வடிந்தாலோ சீழ் பிடித்தாலோ வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

இப்போது சின்னம்மா படுக்கப் போகும்போது கைநிறைய வாசலின் பூசி, மேலே பழைய பருத்திக் காலுறைகளை மாட்டிக்கொள்கிறார். அந்த நேரம் போன் அடித்தால் நான்தான் எடுத்து அவர் காதில் பிடிக்க வேண்டும்.