ராஜா ஜுமாட் வாங்கிய வரி

தோட்டத் தோழர்களே! நம்ம லுக்குட் குன்றின் மேலே கிடக்கிற பழைய கோட்டை யாருடையது என்று பிள்ளைங்க கேட்டால் சொல்லுங்கள்: 1847-இல் ராஜா ஜுமாட் கட்டியது.

அப்போது லுக்குட் சிலாங்கூரைச் சேர்ந்தது. ஜுமாட்டுக்கு முன்னே ஆண்ட ராஜா பூசு, ஏற்றுமதியாகிற ஈயத்துக்கு நூற்றுக்குப் பத்து வரி போட்டார். சுரங்கத்துச் சீனத் தொழிலாளிகள் கொதித்தார்கள். 1834-இல் ஒரு ராத்திரி அவர் வீட்டுக்கே தீ வைத்தார்கள். குடும்பத்தோடு மாண்டு போனார்.

1846-இல் சுல்தான் லுக்குட்டை ஜுமாட்டிடம் ஒப்படைத்தார். அவரும் வரியை விட்டுவிடவில்லை. ஆனால் வாங்கிய காசு தெருவாக, காவலாக ஊருக்குத் திரும்பியது. சுரங்கங்கள் பெருகின, ஊர் செழித்தது. 1864-இல் அவர் காலமானார். அபின் குத்தகையிலும் அவருக்கு வருமானம் உண்டு; அது கூலிக்காரன் மடியிலிருந்து போன காசு. அதையும் மறக்கக் கூடாது.

இன்று வீட்டு வரி பில் வந்தால், எவ்வளவு என்று மட்டும் பார்க்காதீங்க. சாக்கடை, விளக்கு, ரோடு வந்ததா என்றும் கேளுங்க!