வில்லியம் ஷெல்டர் சரிதம்

புதியதொரு வித்தையைத் தோற்றுவித்தோரை உலகம் போற்றும். தோன்றிய வித்தை அழியாமற் காத்தோரையோ எளிதில் மறந்துவிடும். அவ்வாறு காத்தோருள் ஒருவர் வில்லியம் ஷெல்டர் என்னும் கணித பண்டிதர்.

இவர் 1947-ம் ஆண்டிற் பிறந்தார். கனடா தேசத்து மக்கில் சர்வகலாசாலையில் 1972-ல் டாக்டர் பட்டம் பெற்றுப் பின்னர் அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்து டெக்ஸாஸ் சர்வகலாசாலையிற் கணிதப் பேராசிரியராய் அமர்ந்தார். பெருக்கற் காரணிகளை முன்பின்னாக மாற்றின் விடையும் மாறுபடும் இயற்கணித அமைப்புகளை ஆராய்ந்து கீர்த்தியுற்றார்.

மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1968 முதல் மாக்சைமா என்னும் மென்பொருளை இயற்றி வந்தனர். எண்களை மட்டுமன்றி எழுத்துக்களையும் கையாண்டு, சமன்பாடுகளைத் தீர்க்கவும், வகையிடவும், தொகையிடவும் அது வல்லது. ஆயினும் தான் பிறந்த பெருங்கணினியையும் அதற்குரிய லிஸ்ப் மொழிவழக்கையுமே அது சார்ந்திருந்தது. அவ்வியந்திரம் மூப்புற்று ஒழியுங்கால் மென்பொருளும் உடன் மடியுமன்றோ? 1982-ல் அதன் பிரதியொன்று அமெரிக்க எரிசக்தி இலாகாவின் வசமாயிற்று. அப்பிரதியைப் பேணும் பாரத்தை ஷெல்டர் மேற்கொண்டார்.

அவர் கண்ட உபாயம் நுட்பமானது. ஜப்பானியர் கியோட்டோவில் இயற்றிய லிஸ்ப், தன் நிரல்களை ஸி மொழியாக மாற்றவல்லது. ஸி மொழிபெயர்ப்பியோ புதிய இயங்குதளம் ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் கிடைக்கும். ஆதலின் அந்த லிஸ்பைத் திருத்திப் பெருக்கி, அதன்மேல் மாக்சைமாவை ஏற்றினார். அடித்தளம் சென்றவிடமெல்லாம் மேன்மாடமும் சென்றது. குனூ ஸி மொழிபெயர்ப்பியை இன்டெல் 386 கணினிக்கு முதன்முதற் கொணர்ந்தவரும் இவரே என்பர்.

எனினும் ஒரு குறை நின்றது. உழைப்பு அவருடையதாயினும் உரிமை அரசாங்கத்தினுடையது; பிறர்க்கு வழங்க அவருக்கு அதிகாரமில்லை. பதினாறாண்டு பேணிய பின், 1998-ல் குனூ பொது உரிமத்தின்கீழ் வெளியிட அனுமதி பெற்றார். மாக்சிமா என்னும் பெயருடன் அது யாவர்க்கும் பொதுவாயிற்று.

மூன்றாண்டு கழியுமுன், 2001 ஜூலை 30-ல், ருஷ்யாவிற் பிரயாணஞ் செய்கையில் திடீரென மாரடைப்பால் இறந்தார், வயது ஐம்பத்துநான்கே. அவ்வனுமதி மட்டும் கிட்டாதிருப்பின், அவர் பிரயாசையும் அவரோடு முடிந்திருக்கக்கூடும். கிட்டியமையால், அன்பர் பலர் குழுவாய்க் கூடி அதனைத் தொடர்ந்து வளர்த்தனர்; லினக்ஸ், விண்டோஸ் முதலிய தளங்களில் மாக்சிமா இன்றும் இயங்குகின்றது.

மாணவ நண்பர்காள்! செல்வத்தைக் காப்பவன் பூட்டுகின்றான். கல்வியைக் காப்பவன் திறந்துவைக்கின்றான். ஷெல்டர் சரிதம் நமக்குணர்த்தும் உண்மை இதுவே.