குதிரை தேடிச் சென்ற மருத்துவர்

நாடு பிடிக்கப் படை வேண்டும். படைக்குக் குதிரை வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் உறக்கத்தைக் கெடுத்த கவலைகளுள் இந்தக் குதிரைக் கவலையும் ஒன்று. வடமேற்கிலிருந்து குதிரை ஓட்டி வரும் வணிகரையே நம்பியிராமல், 1784ஆம் ஆண்டு வடபீகாரில் புர்ஹி கண்டக் ஆற்றங்கரையிலுள்ள பூசா என்னும் ஊரில் கம்பெனி ஒரு குதிரைப் பண்ணையை ஏற்படுத்தியது. (நம் ஓசூரை அடுத்த மத்திகிரியிலும் பின்னாளில் படைக்குதிரைப் பண்ணை ஒன்று இருந்ததை இங்கு நினைத்துக்கொள்ளலாம்.) பூசாப் பண்ணையின் தலைமைப் பொறுப்பை 1808இல் ஏற்றவரே வில்லியம் மூர்கிராப்ட்.

இவர் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியைச் சேர்ந்த ஆர்ம்ஸ்கர்க் என்னும் ஊரில் 1767இல் பிறந்தார்; பாட்டனாரின் ஆதரவில் வளர்ந்தார். லிவர்பூலில் அறுவை மருத்துவம் பயின்றுகொண்டிருந்த இளைஞரை, அப்பகுதி மாடுகளைத் தாக்கிய கொள்ளைநோய் வேறு வழிக்குத் திருப்பிவிட்டது. மனிதருக்கு மருத்துவர் பலர் உண்டு. வாயில்லா உயிர்களுக்கு யார் உண்டு? பிரான்சு நாட்டு லியோன் நகரில் இருந்த, உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளிக்குச் சென்று பயின்றார். புரட்சித் தீ மூண்டிருந்த காலம் அது! அவ்வாறு முறையாகக் கற்றுத் தேர்ந்த முதல் ஆங்கிலேயர் இவரே. லண்டனில் தொழில் செழித்தது. ஆனால் இயந்திரத்தால் லாடம் செய்யும் முயற்சியில் இறங்கிப் பெரும் பொருளை இழந்தார். நாற்பது வயதில் இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

பூசாவில் அவர் கண்ட ஏற்பாட்டைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். பண்ணைக்குள் மட்டும் குதிரை வளர்ப்பது போதாதென்று, கம்பெனி தன் பொலிகுதிரைகளைச் சுற்றுவட்டாரத்து ஊர்களுக்கும் அளித்து வந்தது. ஜமீன்தார்களும் குடியானவர்களும் தத்தம் பெட்டைக் குதிரைகளைக் கொண்டுவந்து சேர்க்கலாம். பிறக்கும் குட்டிகளில் படைக்குத் தகுந்தவற்றைக் கம்பெனி வாங்கிக்கொள்ளும். கேட்பதற்கு நல்ல திட்டந்தான். ஆனால் குடியானவன் நிலையிலிருந்து பார்ப்போம். பீகார் உழவனின் ஏரை இழுப்பது எருது. வண்டியை இழுப்பதும் எருதே. குதிரை அவன் கழனிக்கு வேண்டாத விருந்தாளி. பெட்டைக் குதிரை பதினொரு மாதம் சுமந்து ஈன்ற குட்டி, வீரனைத் தாங்கும் பருவம் எய்த மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை தீனி போடுபவன் குடியானவன், தேர்ந்தெடுப்பவன் கம்பெனிக்காரன். கழிக்கப்பட்ட குட்டியை அவன் யாரிடம் விற்பான்?

மூர்கிராப்ட் உழைப்புக்கு அஞ்சியவர் அல்லர். நோயுற்ற குதிரைகளையும் இனத்துக்கு உதவாதவற்றையும் ஈவிரக்கமின்றிக் கழித்தார். ஓட்ஸ் பயிரிடச் செய்து குதிரைக்குத் தீவனமாக்கினார். ஊர்ப் பெட்டைக் குதிரைகள் மிகச் சிறியவை என்பதையும் கண்டார். ஆயினும் எலும்பும் உரமும் வாய்ந்த துருக்கிஸ்தானத்துப் பொலிகுதிரைகள் கிடைத்தால் குறையெல்லாம் தீரும் என்பதே அவர் மனத்தில் வேரூன்றிய எண்ணம். என் கருத்தில், குறையின் ஒரு பாதியைத்தான் அவர் கண்டார். மறுபாதி பொலிகுதிரையின் உடலில் இல்லை. குட்டியை வளர்ப்பவனுக்கு அதனால் என்ன கிடைத்தது என்ற கணக்கில் இருந்தது.

தேட்டம் அவரை மலைமேல் ஏற்றியது. 1812இல் ஹியர்சி என்னும் தோழருடன் கோசாயித் துறவி வேடம் பூண்டு, நீதிக் கணவாயைக் கடந்து திபெத்துக்குள் நுழைந்தார். கார்டோக்கையும் மானசரோவர் ஏரியையும் கண்டார். குதிரை கிடைக்கவில்லை, சால்வைக் கம்பளி தரும் ஆடுகளோடு திரும்பினார். வழியில் கூர்க்கர்கள் பிடித்துவைத்து விடுவித்தனர். குதிரை வாங்கப் போனவர் ஆடு வாங்கி வந்ததைக் கம்பெனியார் ரசிக்கவில்லை.

எனினும் 1819இல் மீண்டும் புறப்பட்டார். இம்முறை இலக்கு புகாரா. டிரெபெக், கத்ரி என்னும் இருவர் துணை. லே நகரில் இரண்டாண்டு தங்க நேர்ந்தது. அங்கே கண்புரை நோயாளிகளுக்கு அறுவை செய்து பார்வை தந்தார். திராஸ் அருகே சந்தித்த சோமா டி கோரோஷ் என்னும் அங்கேரி நாட்டு ஏழை அறிஞரைத் திபெத்திய மொழி கற்கத் தூண்டி, உதவியும் செய்தார். பின்னாளில் அவ்வறிஞர் இயற்றிய திபெத்திய அகராதியும் இலக்கணமும் 1834இல் வெளிவந்தன. அந்தச் சந்திப்பு ஒன்றுக்காகவே மூர்கிராப்டின் பயணத்தை மன்னித்துவிடலாம்! கம்பெனியோ மன்னிக்கவில்லை. அனுமதியின்றி லடாக்குடன் வணிக உடன்படிக்கை செய்ததற்காகச் சம்பளத்தை நிறுத்தியது. திரும்பி வரவும் கட்டளையிட்டது. அக்கடிதம் அவர் கைக்குச் சேரவில்லை போலும்.

காஷ்மீர், பெஷாவர், காபூல் வழியாகச் சென்றவரைக் குந்தூஸ் தலைவன் முராத் பேக் மறித்துப் பொருள் பறித்தான். 1825 பிப்ரவரியில் புகாராவை அடைந்தார். ஆறாண்டு நடந்து சேர்ந்த ஊரில் போர்க்குழப்பம். அவர் விரும்பிய தரத்துக் குதிரைகள் போதிய அளவில் கிட்டவில்லை. திரும்பும் வழியில், இன்னும் நல்லவை அகப்படும் என்ற ஆசையில் அந்த்கோய்க்குச் சென்றார். அங்கே ஆகஸ்டில் காய்ச்சலால் இறந்தார். உடலைப் பால்க் நகருக்குக் கொண்டுவந்து புதைத்தனர். துணைவர் இருவரும் நாடு திரும்பவில்லை. அவர்களையும் அம்மண்ணே உண்டது. மூர்கிராப்டின் குறிப்புகளை வடமொழி அறிஞர் வில்சன் திருத்தி 1841இல் நூலாக வெளியிட்டார்.

பொலிகுதிரைத் திட்டம் அவருக்குப் பிறகும் அரை நூற்றாண்டு இழுபறியாக நடந்தது. 1870களில் அரசினர் பூசாப் பண்ணையை மூடிவிட்டனர். அந்நிலத்தில் சில காலம் புகையிலை விளைந்தது. 1905இல் அங்கே வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் எழுந்தது; 1934 நிலநடுக்கத்தில் அது இடியவே, 1936இல் ஊர்ப்பெயரையும் உடன் எடுத்துக்கொண்டு டில்லிக்குக் குடியேறியது. இன்று கடைகளில் விற்கும் பூசா பாஸ்மதி அரிசியின் பெயர் அந்தக் குதிரைப் பண்ணை இருந்த ஊரின் பெயரே.