53 நாள் குளிரில் இருந்த கரு! — டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் கதை

1978-ம் ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி கல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. "துர்கா" என்ற பெயரால்தான் உலகம் அவளை அறிந்தது.

உலகின் முதல் சோதனைக்குழாய் குழந்தை இங்கிலாந்தில் பிறந்து அப்போது 70 நாள்தான் ஆகியிருந்தது.

துர்கா, இந்தியாவின் முதல் சோதனைக்குழாய் குழந்தை. இன்னொரு அதிசயமும் உண்டு. தாயின் வயிற்றுக்குப் போகும் முன்பு, அவள் 53 நாட்கள் கடுங்குளிரில் கருவாக இருந்தாள்!

இந்த அதிசயத்தைச் செய்தவர், டாக்டர் சுபாஷ் முகர்ஜி.

குளிரில் வைத்தது ஏன்?

சுபாஷ் 1931-ல் ஹசாரிபாக் நகரில் பிறந்தார். கல்கத்தாவில் மருத்துவம் படித்தார். பிறகு கல்கத்தாவிலும், ஸ்காட்லாந்தில் உள்ள எடின்பரோவிலும் ஆராய்ச்சி செய்து, இரண்டு டாக்டர் பட்டங்கள் பெற்றார். ஊர் திரும்பி, அரசு மருத்துவக் கல்லூரியில் ஆசிரியர் ஆனார்.

பிள்ளை இல்லாத ஒரு தம்பதி அவரிடம் வந்தார்கள். மனைவிக்குக் கருக்குழாயில் கோளாறு.

சுபாஷ் மருந்து கொடுத்து, பல கருமுட்டைகளை முதிரச் செய்தார். அவற்றை வெளியே எடுத்து, கணவனின் உயிரணுவோடு சேர்த்தார். கரு உண்டாயிற்று.

ஆனால், அந்த மருந்து கருப்பையின் இயல்பையும் மாற்றிவிடும். நிலம் பக்குவப்படாதபோது விதைத்தால் முளைக்குமா? ஆகவே கருவை உறைய வைத்துக் காத்திருந்தார். கருப்பை இயல்புக்குத் திரும்பியதும் உள்ளே வைத்தார். பேராசிரியர் சுனித் முகர்ஜியும், டாக்டர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யாவும் அவருக்குத் துணை நின்றார்கள்.

வெளிவராத பெயர்

செய்தி பரவியது. பலர் நம்பவில்லை. மேற்கு வங்காள அரசு 1978 நவம்பரில் விசாரணைக் குழு அமைத்தது. சோதனைக்குழாய் முறையில் அனுபவம் உள்ளவர் அதில் எவரும் இல்லை.

துர்காவின் பெற்றோர் ஊர்ப் பேச்சுக்கு அஞ்சினார்கள். வெளியே வர விரும்பவில்லை. அவர்கள் பெயரை சுபாஷ் உலகுக்குச் சொல்லவில்லை.

குழு அவர் சொன்னதை ஏற்கவில்லை. ஜப்பானில் நடந்த மாநாட்டுக்குப் போகவும் அரசு அனுமதிக்கவில்லை. கடைசியில் அவரைக் கண் மருத்துவ நிலையத்துக்கு மாற்றினார்கள். கருவை ஆராய்ந்தவருக்குக் கண் ஆஸ்பத்திரியில் வேலை!

சுபாஷ் மனம் உடைந்தார். 1981 ஜூன் 19-ந் தேதி தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 50.

உண்மை வென்றது

1986-ல் பம்பாயில் பிறந்த குழந்தைதான் இந்தியாவின் முதல் சோதனைக்குழாய் குழந்தை என்று எல்லோரும் நம்பினார்கள். அதற்குக் காரணமான விஞ்ஞானிகளில் ஒருவர், டாக்டர் ஆனந்தகுமார். சுபாஷின் குறிப்புகள் பின்னர் அவர் கைக்கு வந்தன. அவர் அவற்றைப் படித்தார். முதல் என்ற பெருமை தமக்கு உரியதல்ல, சுபாஷுக்கே உரியது என்று 1997-ல் எழுதி வெளியிட்டார்!

துர்காவும் வளர்ந்தாள். 25 வயதில், தான் யார் என்பதை உலகுக்குத் தெரிவித்தாள். பெற்றோர் மறைத்ததும் அவர்கள் விருப்பம். மகள் சொன்னதும் அவள் விருப்பம்.

தம்பதிகளுக்கு உரிமை

இன்று கருவைச் சேமித்து வைப்பது பல ஆஸ்பத்திரிகளில் நடக்கிறது. அந்தக் கருவை என்ன செய்வது? முடிவு செய்ய வேண்டியவர்கள் தம்பதிகளே. இந்தியாவில் 2021-ம் ஆண்டுச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது.

சிகிச்சையின் நன்மை, ஆபத்து, செலவு, வெற்றி வாய்ப்பு ஆகியவற்றை முதலில் எடுத்துச் சொல்ல வேண்டும். பிறகு எழுத்தில் சம்மதம் பெற வேண்டும். இருவரில் ஒருவர் இறந்தால் கருவை என்ன செய்வது என்பதையும் முன்பே எழுதி வாங்க வேண்டும். கருவை 10 ஆண்டுகளுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. அதன்பின் ஆராய்ச்சிக்குக் கொடுப்பதானாலும் தம்பதியின் சம்மதம் வேண்டும்.

கரு கருப்பைக்குள் போகும்வரை, கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம்.

ஆகவே, நீட்டிய காகிதத்தில் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். படியுங்கள், புரியாவிட்டால் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

துர்காவைக் குளிரில் காத்தவர் டாக்டர் சுபாஷ். அவள் பெற்றோரின் பெயரையும் அவர் காத்தார்.